மேலதிகாரி, தனியாகக் குழந்தை வளர்க்கும் அப்பா: ஸ்லோ பர்ன் காதல் கதையை நகர்த்துவது எப்படி?

கேள்வி இதுதான்: அலுவலகக் காதல் நாவல் ஒன்றைத் தொடராக எழுதி வருகிறீர்கள். ஹீரோ ஒரு நிறுவனத்தின் தலைவன், ஆறு வயது மகளைத் தனியாக வளர்ப்பவன். ஹீரோயின் அவனிடம் புதிதாக வேலைக்குச் சேர்ந்தவள். பன்னிரண்டு அத்தியாயம் போட்டாயிற்று. 'கதை நகரவே மாட்டேங்குது' என்கிறார்கள் வாசகர்கள். வேகத்தைக் கூட்டினால் அப்புறம் அது காதல் மெல்ல மெல்லப் பற்றிக்கொள்ளும் ஸ்லோ பர்னே இல்லை. என்ன செய்வது?

வாசகர்களின் புகார் நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் அவர்கள் சொல்லும் காரணத்தை அப்படியே எடுத்துக்கொண்டு பதின்மூன்றாவது அத்தியாயத்தில் ஒரு முத்தத்தை வைத்துவிடாதீர்கள். இந்த வகைக் கதையைத் தேடி வருகிறவர்கள் காத்திருக்கத் தயாராகத்தான் வருகிறார்கள். முதல் அத்தியாயத்தில் இருவரும் எப்படிப் பேசிக்கொண்டார்களோ அப்படியேதான் பன்னிரண்டாவதிலும் பேசிக்கொள்கிறார்கள் என்றால்தான் அவர்களுக்குப் பொறுமை போகிறது. எழுதியவற்றில் ஏதாவது ஒரு அத்தியாயத்தை உருவிவிட்டுப் படித்துப் பாருங்கள். அடுத்த அத்தியாயத்தில் எதுவும் இடிக்கவில்லையா? அப்படியானால் உருவியது வெறும் அலங்காரம். ஸ்லோ பர்னில் அடி சின்னதாக இருக்கலாம், ஆனால் எடுத்த அடியைத் திரும்ப வைக்க முடியாததாக இருக்க வேண்டும்.

ஒரு காட்சியாகவே சொல்கிறேன். முக்கியமான வாடிக்கையாளர்கள் முன்னால் அவன் பேசிக்கொண்டிருக்கிறான். மேஜையில் கவிழ்த்து வைத்திருக்கும் போன் அதிர்கிறது. பார்க்கவில்லை. மறுபடி அதிர்கிறது. திருப்பிப் பார்த்தால் பள்ளிக்கூடத்தின் எண். ஒரு வாக்கியம் பாதியில் நிற்கிறது. பக்கத்தில் இருந்தவள் அவன் கையிலிருந்த ரிமோட்டை வாங்கிக்கொண்டு, 'மீதியை நான் பார்த்துக்கறேன் சார்' என்கிறாள். அவன் போகிறான்.

இதற்கு அடுத்து வழக்கமாக என்ன நடக்கும்? கையெழுத்து வாங்க வேண்டிய பைல் ஒன்று திடீரென்று முளைக்கும், அவள் அதைத் தூக்கிக்கொண்டு அவன் வீட்டுக்குப் போவாள், காய்ச்சலில் கிடக்கும் குழந்தை அவள் கையைப் பிடித்துக்கொண்டு தூங்கிவிடும். தயவுசெய்து அனுப்பாதீர்கள். அவள் கூட்டத்தை முடிக்கட்டும். மறுநாள் காலையில் அவன் அவள் மேஜைக்கு வந்து, 'பதினாலாவது ஸ்லைடுல ஒரு எண்ணை மாத்திச் சொல்லிட்டீங்க. மத்தபடி நல்லா பண்ணீங்க' என்கிறான். கிளம்புகிறான். நாலு அடி போனவன் திரும்பி, 'ஜுரம் இறங்கிடுச்சு' என்கிறான். அவள் கேட்கவே இல்லை.

அவ்வளவுதான் அந்த அத்தியாயம். கேட்காமலே ஒரு வீட்டு விஷயத்தைச் சொன்னவன் இனி வெறும் மேலதிகாரியாக நடந்துகொள்ள முயன்றால் அது நடிப்பு என்று இரண்டு பேருக்கும் தெரியும். அடுத்த முறை அவன் முகம் வாடியிருந்தால் அவள் கேட்கலாமா கூடாதா என்று தயங்குவாள். நேற்றுவரை அந்தத் தயக்கமே இல்லை. இதைத்தான் திரும்ப வைக்க முடியாத அடி என்கிறேன்.

அடுத்து, தாமதத்துக்கான காரணம். பெரும்பாலான தொடர்கள் படுத்துவிடுவது இங்கேதான். இருவரையும் பிரித்து வைக்க எழுத்தாளரிடம் வேறு சரக்கு இல்லாதபோது தவறான புரிதல் உள்ளே வருகிறது. கதவிடுக்கில் பாதிப் பேச்சைக் கேட்டுவிட்டுப் போவது, தங்கையைக் காதலி என்று நினைத்துக்கொள்வது, யாரோ அனுப்பிய புகைப்படம். ஐந்து நிமிடம் உட்கார்ந்து பேசினால் தீர்ந்துவிடும் விஷயத்துக்கு ஐந்து அத்தியாயம் கொடுத்தால் வாசகி கதாபாத்திரங்களை விட்டுவிட்டு உங்கள்மேல் கோபப்படுவாள். நீங்கள் எடுத்திருக்கும் கதையிலேயே பேசித் தீர்க்க முடியாத இரண்டு பயங்கள் இருக்கின்றன. அவளுக்குச் சம்பளம், அவனுக்குக் குழந்தை. இந்த இரண்டு போதும், ஒரு நாவலை முழுக்கத் தாங்கும்.

சம்பளத்தை முதலில் எடுத்துக்கொள்வோம். அவளுடைய மதிப்பீட்டு அறிக்கையில் கையெழுத்துப் போடுகிறவன் அவன். உறவு கசந்தால் வெளியே போக வேண்டியவள் அவள்தான். இனித்தாலும் நிம்மதி கிடையாது. நாளைக்கு அவள் உழைத்து வாங்கும் பதவி உயர்வுக்கு அலுவலகம் வேறு காரணம் வைத்திருக்கும். இது கதைக்காகக் கிளப்பிய பயம் இல்லை. 2018 ஜூனில் இன்டெல் நிறுவனத்தின் தலைமைச் செயல் அதிகாரி ப்ரையன் க்ரஸானிச் பதவி விலகினார்; ஊழியர் ஒருவருடன் அவருக்கு முன்பு இருந்த உறவு மேலாளர்களுக்கான விதியை மீறியது என்று நிறுவனம் அறிவித்தது. 2019 நவம்பரில் மெக்டொனால்ட்ஸ் தன் தலைமைச் செயல் அதிகாரி ஸ்டீவ் ஈஸ்டர்ப்ரூக்கை நீக்கியபோது சொன்ன காரணமும் ஊழியருடனான உறவுதான். இரண்டிலும் சம்பந்தப்பட்டவர்கள் விரும்பி ஏற்ற உறவு என்றே அப்போது சொல்லப்பட்டது. ஆக, உங்கள் ஹீரோவுக்கும் இழக்க நிறையவே இருக்கிறது. பல நிறுவனங்களில் மேலதிகாரிக்கும் அவருக்குக் கீழே நேரடியாக வேலை பார்ப்பவருக்கும் இடையே உறவு வந்தால் மனிதவளப் பிரிவுக்குத் தெரிவித்தாக வேண்டும், ஒருவர் வேறு பிரிவுக்கு மாற வேண்டும். இந்த விதியை நாவல்கள் கண்டுகொள்வதே இல்லை. கண்டுகொண்டால் இனாமாக ஒரு கதைத் திருப்பம் கிடைக்கும். அந்தப் படிவத்தை யார் முதலில் டவுன்லோட் செய்து, நிரப்பாமல் வைத்திருக்கிறார்கள்?

இந்தச் சிக்கல் ஒன்றும் புதிதில்லை. 1847ல் வெளிவந்த சார்லட் ப்ரான்டியின் 'ஜேன் ஐர்' நாவலில் வருவது ஏறக்குறைய உங்கள் கதைதான். பெரிய வீட்டின் எஜமானன், அவன் பொறுப்பில் ஒரு சிறுமி, அவளுக்குப் பாடம் சொல்லித்தரச் சம்பளத்துக்கு வந்த பெண். ப்ரான்டியே அப்படி வீடுகளில் தங்கிப் பாடம் சொல்லிக்கொடுக்கும் வேலை பார்த்தவர், அந்த அவமானங்கள் அவருக்குத் தெரியும். அவர் செய்த காரியத்தைக் கவனியுங்கள். எஜமானன் மறைத்த உண்மை தெரிந்ததும் ஜேனை அந்த வீட்டைவிட்டு வெளியேற்றுகிறார். வேறு ஊரில் வேறு வேலை, புது உறவினர்கள், சித்தப்பா விட்டுப்போன 20,000 பவுண்டு சொத்து. அதையும் நாலாகப் பங்கிட்டு 5,000 மட்டும் வைத்துக்கொள்கிறாள். யார் சம்பளமும் தேவையில்லாத பெண்ணாக ஆன பிறகுதான் அவனிடம் திரும்பி வருகிறாள். காதல் அதற்கு முன்பே இருந்தது. கல்யாணத்துக்கு மட்டும் அந்த ஏற்றத்தாழ்வு கரைய வேண்டியிருந்தது. உங்கள் ஹீரோயினுக்குச் சித்தப்பா சொத்து வேண்டாம், அது இன்றைக்கு எடுபடவும் செய்யாது. வேறு பிரிவில் ஒரு பதவி, வேறு நிறுவனத்திலிருந்து ஒரு அழைப்பு, சொந்தமாக ஒரு தொழில் என்று ஏதாவது ஒன்று அவளாகச் சம்பாதித்ததாக இருக்கட்டும். அவன் சிபாரிசில் வந்தது என்றால் கதை கெட்டது.

இதே இடத்தில் ஹீரோவின் குணத்தைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். அலுவலகத்தில் எரிந்து விழுகிறவன், வீட்டில் மகளுக்குக் குதிரையாகிறவன் என்ற கலவை எல்லோருக்கும் பிடிக்கும், எனக்கும் பிடிக்கும். ஆனால் அவன் அப்பா என்று தெரிந்த நிமிடத்திலிருந்து வாசகி அவனுடைய ஒவ்வொரு செயலையும் அந்தக் குழந்தையின் பக்கத்தில் நின்றுதான் பார்க்கிறாள். பொறாமையில் ஹீரோயினுடைய லீவை ரத்து செய்கிறவன், இன்னொருத்தனோடு அவள் சிரித்துப் பேசியதற்காக ராத்திரி பத்து மணிவரை வேலை கொடுக்கிறவன் நாளைக்கு மகள் பேச்சைக் கேட்காவிட்டால் என்ன செய்வான்? வேறு வகைக் காதல் கதையில் இந்த அடாவடிகள் செல்லுபடியாகலாம். இங்கே அவை அவனுடைய அப்பா ஸ்தானத்தையும் சேர்த்து அரித்துவிடும். அவன் கண்டிப்பானவனாக இருக்கட்டும், பேச்சு குறைந்தவனாக இருக்கட்டும். கையிலிருக்கும் அதிகாரத்தை ஆசைக்குப் பயன்படுத்தாதவனாக இருந்தால் போதும். பயன்படுத்த வாய்ப்பிருந்தும் கையைக் கட்டிக்கொண்டு நிற்கும் காட்சி எழுதிப் பாருங்கள், அதில்தான் நிஜமான சூடு இருக்கிறது.

இனி குழந்தை. அவன் தயங்குவதற்குக் கௌரவமான காரணம் இது ஒன்றுதான். ஒருத்தியை வீட்டுக்குள் விட்டால் அவனைவிட வேகமாக மகள் ஒட்டிக்கொள்வாள். அது முறிந்தால் அவள் இரண்டாவது முறையாக ஒருவரை இழப்பாள். தன் மனசைப் பணயம் வைக்க அவனுக்கு உரிமை உண்டு, மகளுடையதை வைக்க இல்லை. இந்த ஒரு கணக்கை அவன் மனதில் தெளிவாகப் போட்டுவிட்டீர்கள் என்றால் அவன் பின்வாங்கும் ஒவ்வொரு முறையும் வாசகிக்கு எரிச்சலுக்குப் பதிலாக இரக்கம் வரும்.

அவன் ஏன் தனியாக வளர்க்கிறான் என்பதை வசதிக்காக 'மனைவி இறந்துவிட்டாள்' என்று ஒரு வரியில் முடிக்காதீர்கள். காரணம் மாறினால் தாமதத்தின் ருசியே மாறும். மனைவியை இழந்தவனுக்குக் குற்ற உணர்வு. கூடவே இறந்தவளின் பெற்றோர், அவர்களுக்கும் அந்தக் குழந்தையைத் தவிர வேறு இல்லை. இந்த வகையில் எழுதினால் இறந்தவளைத் தெய்வமாக்க வேண்டாம். சிடுசிடுப்போ, ஊதாரித்தனமோ, பாதியில் விட்டுப்போன ஒரு சண்டையோ அவளுக்கு இருக்கட்டும். குறையே இல்லாத ஒருத்தியோடு புதியவள் போட்டி போட முடியாது, வாசகிக்கும் அதில் சுவாரஸ்யம் இருக்காது. விவாகரத்தானவன் என்றால் குழந்தையின் அம்மா உயிரோடு, போனில், பள்ளி விழாவில் இருக்கிறாள். அவளை வில்லியாக்குவது சுலபம். அவள் நியாயமானவளாக இருந்துவிட்டால் ஹீரோயினுக்கு நிற்க இடம் எது என்ற கேள்வி வரும், அந்தக் கேள்வி வில்லியைவிடப் பல மடங்கு நல்லது. விட்டுவிட்டுப் போன மனைவி என்றால் நம்பிக்கைதான் பிரச்சினை. அண்ணன் குழந்தையை எடுத்து வளர்ப்பவன் என்றால் அவனே இன்னும் அப்பாவாகப் பழகவில்லை, அங்கே நகைச்சுவைக்கு நிறைய இடம் உண்டு.

வயதிலும் கவனம் வேண்டும். தொடர்களில் வரும் குழந்தைகள் நாலு வயதில் தத்துவம் பேசுவார்கள், எட்டு வயதில் மழலை பேசுவார்கள். ஐந்து வயதுக்குக் கீழே உள்ள குழந்தைகள் பலருக்குச் சாவு என்பது திரும்பி வரமுடியாத ஒன்று என்று பிடிபடுவதில்லை. அம்மா எப்போது வருவாள் என்று, ஊருக்குப் போனவரைக் கேட்பதுபோல அவர்கள் கேட்கலாம். ஏழெட்டு வயதில் பெரும்பாலும் புரிந்துவிடும், அதனாலேயே கேட்பதை நிறுத்திவிடலாம். உங்கள் கதையில் இருப்பவள் ஆறு வயதுக்காரி, சரியாக நடுவில். பால் பற்கள் விழ ஆரம்பிக்கும் வயது. ஒரு நாள் தெரிந்ததுபோலவும் மறுநாள் தெரியாததுபோலவும் அவள் பேசலாம். இவ்வளவு வாகான வயதைக் கையில் வைத்துக்கொண்டு அவளைப் 'பாப்பா ரொம்ப க்யூட்' என்பதற்கு மட்டும் பயன்படுத்துவது வீண்.

அதைவிட முக்கியம், அவளைத் தூது போக வைக்காதீர்கள். 'ஆன்டி, நீங்களே எனக்கு அம்மாவா வந்துடுங்களேன்' என்று ஒரு குழந்தை சொல்லும் காட்சி எத்தனை தொடரில் வந்துவிட்டது! பெரியவர்கள் இருவரும் உழைத்து அடைய வேண்டியதை ஒரே வசனத்தில் குழந்தை வாங்கிக் கொடுத்துவிடுகிறது. அவளுக்கென்று சொந்த ஆசை, சொந்தக் கோபம் கொடுங்கள். ஹீரோயினை அவளுக்குப் பிடிக்காமல் போகலாம், அதற்கும் காரணம் அற்பமானதாக இருக்கலாம். பள்ளி விடுமுறையில் அப்பாவின் அலுவலகத்தில் அவள் உட்கார்ந்து படம் வரையும் ஜன்னலோர மேஜை இப்போது இவளுக்குத் தரப்பட்டிருக்கிறது. இழுப்பறைக்குள் கிரேயான் கிறுக்கல் இருக்கிறது. அது யாருடைய இடம் என்று ஹீரோயினுக்குத் தெரியாது. தெரிந்த பிறகு அவள் என்ன செய்கிறாள் என்பதில் உங்களுக்கு இரண்டு அத்தியாயம் கிடைக்கும். சாக்லேட் வாங்கிக் கொடுத்து அதைத் தீர்த்துவிடாதீர்கள்.

குழந்தைக்காகவே கல்யாணம் என்பதிலும் ஒரு கத்தி இருக்கிறது. ஏழு குழந்தைகளோடு மனைவியை இழந்த ஆஸ்திரியக் கடற்படை அதிகாரி கியார்க் ஃபான் ட்ராப்பை 1927ல் மணந்த மரியா, அந்த வீட்டுக்கு ஒரு குழந்தைக்குப் பாடம் சொல்லித்தர வந்தவர். பிறகு எழுதிய நினைவுக்குறிப்பில், கல்யாணத்தின்போது தனக்கு அவர்மேல் காதல் இல்லை, குழந்தைகள்மேல்தான் பிரியம் இருந்தது, காதல் பின்னால்தான் வந்தது என்று ஒளிக்காமல் சொல்லியிருக்கிறார். அவர் கதையை வைத்து 1965ல் வந்த புகழ்பெற்ற 'தி சவுண்ட் ஆஃப் மியூசிக்' திரைப்படம் இதை வசதியாக மாற்றிக்கொண்டது. உங்கள் நாவலில் இந்தச் சந்தேகத்தை யாராவது ஒருவர் வாய்விட்டுக் கேட்க வேண்டும்: உனக்கு என்னைப் பிடித்திருக்கிறதா, என் மகளையா? அவன் கேட்டால் ஒரு மாதிரி, அவள் தன்னையே கேட்டுக்கொண்டால் வேறு மாதிரி. இதற்குப் பதில் சொல்ல வேண்டுமென்றால் குழந்தை பக்கத்தில் இல்லாத காட்சிகள் அவர்களுக்கு முன்பே போதுமான அளவு நடந்திருக்க வேண்டும். எண்ணிப் பாருங்கள், பல நாவல்களில் அப்படி ஒன்றுகூட இருக்காது.

அந்தக் காட்சிகளுக்கு வேலையே இடம் தரும். அடிக்கடி கண்ணில் படுவதன்மேல் பிடிப்பு கூடும் என்பதை உளவியலாளர் ராபர்ட் ஸயான்ஸ் 1968லேயே சோதனைகளில் காட்டினார். அலுவலகக் காதலின் அஸ்திவாரமே அந்தப் பழக்கம்தான். ஆனால் நாவல்களில் வரும் அலுவலகத்தில் யாரும் வேலை பார்ப்பதில்லை. லிஃப்ட் நின்றுபோகும், காபி சட்டையில் கொட்டும், அவ்வளவுதான். நிறுவனம் என்ன செய்கிறது என்றே வாசகிக்குத் தெரியாது. ஒரு தொழிலைத் தேர்ந்தெடுத்து அதன் அன்றாடத்தை உள்ளே கொண்டுவாருங்கள். உதாரணமாக அவனுடைய காலண்டர். எல்லா நாளும் மாலை ஐந்தரைக்கு மேல் 'வீடு' என்று ஒரு கட்டம். யாரோ ஒரு பெரிய மனிதர் அந்த நேரத்தில் கூட்டம் வைக்கிறார். அவள் யாரிடமும் கேட்காமல் அதைக் காலைக்கு மாற்றி, அதற்கு ஒரு கௌரவமான காரணமும் எழுதி அனுப்புகிறாள். அவன் இதைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை. இரண்டு வாரம் கழித்து அவளுடைய காலண்டரில் அவள் மாலை வகுப்புக்குப் போகும் நாளில் கூட்டம் எதுவும் வராமல் பார்த்துக்கொள்கிறான். இதை இருவரும் பேசிக்கொள்ளவே வேண்டாம்.

தமிழில் எழுதுகிறவர்களுக்கு இன்னொரு சௌகரியம், நாம் ஒருவரை விளிக்கும் முறை. 'சார்' எப்போது உதிர்கிறது, 'நீங்க' எப்போது 'நீ' ஆகிறது, யார் முதலில் மாறுகிறார்கள், பதற்றத்தில் ஒரு தடவை மாறிவிட்டு மறுநாள் பழையபடி 'சார்' என்று வந்து நிற்கிறாளா? மூன்றாவது அத்தியாயத்திலேயே மனதுக்குள் அவனை 'டா' போட்டுப் பேசவிட்டால் இந்தச் சேமிப்பு மொத்தமும் காலி.

பார்வைக் கோணத்தைப் பொறுத்தவரை, இருவர் மனதையும் மாறி மாறிச் சொல்வதுதான் இப்போது வழக்கம். ஸ்லோ பர்னுக்கு அது ஆபத்து. நாலாவது அத்தியாயத்திலேயே அவன் உருகுகிறான் என்று வாசகிக்குத் தெரிந்துவிட்டால் மீதியெல்லாம் ஹீரோயினுக்கு எப்போது தெரியும் என்ற காத்திருப்பு மட்டும்தான். பாதிவரை ஹீரோயின் பக்கமே நில்லுங்கள். நடுவில் ஒரே ஒரு அத்தியாயம் அவன் பக்கம் திறந்து, முன்பு நடந்த இரண்டு மூன்று சம்பவங்களை அவன் எப்படிப் பார்த்தான் என்று காட்டுங்கள். பன்னிரண்டு அத்தியாயம் ஏற்கெனவே வந்துவிட்டதால் உங்களுக்கு இது இப்போது நன்றாகவே கைகொடுக்கும். பழைய அத்தியாயங்களைத் திருத்தாமலே அவற்றுக்குப் புது அர்த்தம் வந்துவிடும். வாசகர்கள் திரும்பிப் போய்ப் படிப்பார்கள்.

காதலை யார் முதலில் சொல்வது? என் கட்சி, அவள்தான். அதிகாரத்தில் இருப்பவன் கேட்டால் 'முடியாது' என்று சொல்ல அவளுக்கு எவ்வளவு இடம் இருக்கிறது என்ற சந்தேகம் கடைசிவரை ஒட்டிக்கொண்டே வரும். அவள் மாறுதல் கடிதத்தைக் கொடுத்துவிட்டு, அவன் அதில் கையெழுத்துப் போட்ட பிறகு, இனி நீங்கள் எனக்கு மேலதிகாரி இல்லை என்று ஆன நிலையில் சொல்லட்டும். அவன் கையெழுத்துப் போடத் தயங்குவதையும், கடைசியில் அவளைத் தடுக்காமல் போடுவதையும் விரிவாக எழுதலாம். அங்கே அவன் தடுத்தால் ஹீரோயிச வசனத்துக்குக் கைதட்டல் கிடைக்கும், நான் மேலே சொன்ன அத்தனையும் கவிழ்ந்துவிடும்.

சொன்னதோடு கதையை முடிக்காதீர்கள். இவ்வளவு காக்க வைத்துவிட்டு ஒரே அத்தியாயத்தில் கல்யாணம், எபிலாக்கில் இரட்டைக் குழந்தை என்று ஓடினால் வாசகிக்கு ஏமாற்றம்தான். குறைந்தது நாலைந்து அத்தியாயமாவது சேர்ந்திருக்கும் காலத்துக்குக் கொடுங்கள். அலுவலகத்தில் பழைய சகாக்கள் எப்படிப் பார்க்கிறார்கள், மகளிடம் யார் எந்த வார்த்தைகளில் சொல்கிறார்கள், அவள் முதலில் கேட்கும் கேள்வி என்ன (அநேகமாகத் தூங்கும் இடம் பற்றியதாக இருக்கும்), முதல் சண்டை எதற்கு வருகிறது. மகள் செய்த ஒரு தப்பை ஹீரோயின் கண்டிக்கலாமா கூடாதா என்பதிலேயே அந்தச் சண்டையை வைக்கலாம். அவன் 'அவ என் பொண்ணு' என்று சொல்லிவிட்டு, சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று யோசிப்பான். அதை எப்படிச் சரிசெய்கிறான் என்பதற்கு ஒரு முழு அத்தியாயம் ஒதுக்குங்கள், அவசரப்பட வேண்டாம்.